நட்ட நடு வீடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில், தூத்துக்குடி வட்டாரத்தில் ஒரு குடும்பம் எவ்வளவு வருமானத்தில் பிழைக்கிறது என்று கணக்கெடுத்துச் சொன்னவன் சர்க்கார் குமாஸ்தா செந்தூர்பாண்டி. உப்பளம், பஞ்சாலை, கடற்கரைத் தெருக்கள் என்று வெயிலில் சைக்கிள் மிதித்துச் சேர்த்த கணக்கு. அதைச் சென்னையில் பாராட்டினார்கள் என்று அவனுடைய அதிகாரி ஒருமுறை சொல்லிவிட்டார். அதையே அவன் கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

யுத்தம் முடிந்து, நாற்பத்தேழு பிறந்ததும் மறுபடி கணக்கெடுக்க உத்தரவு வந்தது. இடைப்பட்ட காலத்தில் குடும்பங்கள் ஏறினவா இறங்கினவா என்று பார்க்க வேண்டும். பொறுப்பு தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அதிகாரி அறைக்குள் நுழைந்தான். அங்கே கிருபாபாய் உட்கார்ந்திருந்தாள். நாசரேத்துக்காரி, கணக்கில் பட்டம் வாங்கியவள், அவனைவிடப் பதினைந்து வயதாவது இளையவள்.

"இந்த அம்மாதான் பொறுப்பு. நீர் கூட இருந்து ஒத்தாசை பண்ணும்" என்றார் அதிகாரி.

அவள் முதலில் கை வைத்ததே அவனுடைய பழைய கணக்கில்தான்.

"மொத்தத்தையும் கூட்டி வகுத்திருக்கிய, அண்ணாச்சி. அதுல ரெண்டு கப்பல் முதலாளி இருந்தாப் போதும், உப்பளத்துக்காரன் வருமானமும் ஏறினாப்பல தெரியும். ஏழையில இருந்து பணக்காரன் வரைக்கும் எல்லா வீட்டையும் வரிசையா வச்சு, நட்ட நடுவுல நிக்கிற வீட்டைப் பாப்போம். பாதி வீடு அதுக்குக் கீழ, பாதி வீடு மேல. பழசையும் அப்படியே திருப்பிப் போட்டாத்தான் ரெண்டையும் ஒப்பிட முடியும்."

திருப்பிப் போட்டாள். அவன் சொன்ன தொகை ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிட்டது. அதிகாரி "அடடா!" என்றார். செந்தூர்பாண்டியின் கணக்கைப் பார்த்து அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

வீட்டில் சங்கரம்மாள், "பொம்பளப்பிள்ள இம்புட்டுப் படிச்சு வந்திருக்கே, நல்லதுதான?" என்றாள். பெண்டாட்டி வாயிலும் அவள் பெருமைதானா என்று அவன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

அடுத்து கிருபாபாய் போக வேண்டியது மீனவர் தெரு. அதற்கு முன்பே செந்தூர்பாண்டி அங்கே போனான். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற ரோச் அவனுக்குப் பழக்கம்.

"வரி போடுததுக்கு ஒரு அம்மா வாரா. உள்ளதச் சொல்லிராதிய" என்று அவன் காதில் போட்டுவிட்டு வந்தான்.

அவள் போன அன்று பாதிக் கதவுகள் திறக்கவில்லை. திறந்தவர்களும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ஒருத்தி மீன் கழுவின தண்ணீரை வாசலில் வீசினாள். அது சேலையில் பட்ட நாற்றத்தோடு கிருபாபாய் திரும்பி வந்தாள்.

"அவங்க சொல்லுத வருமானத்துல யாரும் உசுரோட இருக்க முடியாது, அண்ணாச்சி. என்னை நம்ப மாட்டேங்காவ. உங்களை நம்புவாவ. கூட வாங்க."

அவள் தன்னிடம் வந்து நின்றது அவனுக்கு இனித்தது. அந்த இனிப்பில், அங்கே என்ன காத்திருக்கிறது என்பதையே மறந்து கிளம்பினான்.

ரோச் கடலில் இருந்தான். அவன் மனைவி மதலேனாள்தான் கதவைத் திறந்தாள்.

"வாங்க அண்ணாச்சி! நல்லவேளை நீங்க முன்கூட்டியே வந்து வரி விசயத்தச் சொன்னிய. இந்த அம்மாகிட்ட நாங்க யாரும் மூச்சு விடல. இப்ப நீங்களே கூட்டிட்டு வாரியளே!"

கிருபாபாய் செந்தூர்பாண்டியின் முகத்தைப் பார்த்தாள். இறங்கி நடந்தாள். கடற்கரை மணலுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"நான் போட்ட கணக்குல தப்பு இருக்கா?"

"தப்பில்ல."

"பெறகு ஏன்?"

"தப்பில்ல. அதான்."

மறுநாள் அவன் வீடு வீடாகப் போய், வரி ஒன்றும் கிடையாது என்று சொன்னான். மதலேனாள் சிரித்தாள். "உங்களையும் மிரட்டிட்டாளா அண்ணாச்சி?" என்றாள். அந்தத் தெரு அதற்குப் பிறகு யாரிடமும் உண்மை சொல்லவில்லை.

அந்தத் தெரு இல்லாமலே அறிக்கை முடிந்தது. நடுவிலிருந்த வீட்டின் வருமானம் ஏறித்தான் இருந்தது. அரிசி, துணி விலை அதைவிட வேகமாக ஏறியதால் அந்த வீடு முன்பைவிடத் தாழ்ந்துதான் போயிருந்தது. அதிகாரிக்குக் கணக்கு பிடித்துவிட்டது. மீனவர் தெரு ஏன் விட்டுப்போயிற்று என்று மட்டும் கேட்டார்.

"சங்கு குளிக்கிற சமயம், சார். ஆம்பளைங்க கடல்ல இருந்தாங்க. நம்புற மாதிரி தகவல் கிடைக்கலை" என்றாள் கிருபாபாய். அவன் பக்கம் திரும்பவே இல்லை. அறிக்கையின் முகப்பில் தன் பெயருக்குக் கீழே அவன் பெயரையும் போட்டிருந்தாள்.

காட்டிக் கொடுத்திருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும். படித்த திமிர் என்று திட்டவாவது வழி இருந்திருக்கும். அதற்கும் அவள் இடம் வைக்கவில்லை.

சித்திரையில் அவளுக்குச் சென்னைக்கு மாற்றலாயிற்று. செந்தூர்பாண்டி ஸ்டேஷனுக்குப் போனான். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான்.

"அன்னைக்கு நடந்ததுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"நேரமாச்சு அண்ணாச்சி, இறங்குங்க" என்றாள் அவள்.

ரயில் வளைவைத் தாண்டும்வரை நின்றான். இனியாவது நெஞ்சு எரியாது என்றுதான் நினைத்திருந்தான். சென்னையில் அவளுக்கு எவ்வளவு பெரிய மேசை கொடுப்பார்களோ என்று யோசித்தபடியே வெளியே வந்தான்.