முனியப்பன் மகளின் பாஸ்வேர்டு

1

இந்தக் கதை எனக்குக் கோலார் தங்கவயலில் ஓடும் மாரிக்குப்பம் ரயிலில் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடச் சரியில்லை, வயிற்றெரிச்சலாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறிய ஒருவர் எதிர் சீட்டுக்காரரிடம் ஏதோ பள்ளிக்கூட விவகாரத்தைச் சொல்லிவிட்டு, "தப்பு பண்ணலன்னா அந்தப் பொண்ணு பாஸ்வேர்டைச் சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே, அதுல இன்னா கீது?" என்றார். பங்காருப்பேட்டை வருவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடமும் மனிதர்களும் என் கற்பனை. கோபம் மட்டும் அசல்.

2

முதல் வாக்கியத்துக்கு முதல் முயற்சி: "புத்தாயிரம் பிறந்தபோது தங்கவயலிலும் கணினி யுகம் மலர்ந்து..."

(அடித்துவிட்டேன். யுகமாவது மண்ணாங்கட்டியாவது.)

இரண்டாம் முயற்சி: "குணசுந்தரி டீச்சர் நடுங்கும் விரல்களோடு அந்த இயந்திரத்தை..."

(அவள் ஏன் நடுங்க வேண்டும்? பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து டிப்ளமா முடித்தவள்.)

மூன்றாவது: கம்ப்யூட்டர் அறை பூட்டியிருந்தது.

இது நிற்கும். கரஸ்பாண்டென்ட் ஜெயகரன் கம்ப்யூட்டர்களை வாங்கிய அன்று போட்டோக்காரர் வந்தார், பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுத்தார். பிறகு எல்லாவற்றுக்கும் துணி போர்த்தி, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார் ஜெயகரன். அவருடைய தங்கை மகன் மட்டும் உள்ளே போய்க் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தான். குணசுந்தரி மல்லுக்கு நின்று பத்தாம் வகுப்புக்கு ஒரே ஒரு வாரம் சாவி வாங்கினாள்.

அந்த வாரத்தில் அவள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மின்னஞ்சல் பெட்டி தொடங்கிக் கொடுத்தாள். அதைவிட முக்கியமாக ஒன்று சொல்லிக்கொடுத்தாள். அடுத்தவர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தாலும் கேட்காமல் நுழையமாட்டோம், பெட்டியும் அப்படித்தான் என்றாள். பாஸ்வேர்டு மறக்கவே முடியாததாக இருக்க வேண்டும், யாருக்கும் சொல்லக்கூடாது என்றாள். பிள்ளைகள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனதுதான் வினை.

3

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு பித்தளைப் பில்லையைப் பற்றிப் பேச வேண்டும்.

சுரங்கத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், அது பொறித்த ஒரு பில்லை. சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் ஏறி இறங்குமுன் பில்லைக்குக் கணக்கு. ஷிப்ட் முடிந்தும் பில்லை திரும்பவில்லை என்றால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் நோயாளியின் பெயரைக் கேட்பதற்கு முன் அந்த நம்பரைத்தான் கேட்பார்கள். ஸ்கெலட்டன் லைன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் பேசக் கற்ற குழந்தைக்கு அப்பா பெயருக்கு அடுத்து அப்பா நம்பர் தெரியும். பக்கத்து வீட்டு நம்பரும் தெரியும்.*

(* தலைப்பில் வரும் முனியப்பனின் நம்பரை இந்த இடத்தில் எழுதியிருந்தேன். பிறகு அழித்துவிட்டேன். உங்களுக்கு எதற்கு அது?)

மறுவாரம் வகுப்பில் குணசுந்தரிக்குச் சந்தேகம் தட்டியது. அப்பா நம்பரை பாஸ்வேர்டாக வைத்தவர்கள் கை தூக்குங்கள் என்றாள். மொத்த வகுப்பும் தூக்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. உடனே மாற்ற வேண்டும் என்று சாவிக்கு ஓடினாள். கல்யாணப் பத்திரிகை சீசன், பார்க்கலாம் என்றார் ஜெயகரன். எழுதிக் கேட்டாள். அதற்கும் பார்க்கலாம்தான். இந்தப் 'பார்க்கலாம்' மட்டும் இல்லாதிருந்தால் எனக்குக் கதையே இல்லை. எனக்குக் கதை இல்லாமல் போனால் போகட்டும், ஒரு பெண்ணுக்கு வருஷமே போய்விடும் நிலை வந்திருக்காது.

4

ஜெயகரனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. படம் எடுக்க மட்டும் எங்களைக் கூப்பிட்டீர்கள், கம்ப்யூட்டரை நாங்கள் எப்போது தொடுவது என்று கேட்டிருந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ராபர்ட்சன்பேட்டை பிரவுசிங் சென்டரிலிருந்து யாரோ அனுப்பியது. வந்தது மம்தாவின் பெட்டியிலிருந்து. மம்தா முனியப்பனின் மகள்.

பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இப்போது டி.சி. கொடுத்தால் எந்தப் பள்ளியும் சேர்க்காது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. முனியப்பன் வீட்டில் இனி நம்பிக்கை என்று இருந்தது அந்தப் பரீட்சை மட்டும்தான்.

ஜெயகரன் மம்தாவையும் அவள் அப்பாவையும் டீச்சரையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு கம்ப்யூட்டரும் வந்தது, துணி நீக்கப்பட்டு. (மின்னஞ்சல் கேட்டது ஒருவழியாக நிறைவேறியது.) பெட்டியைத் திறந்து காட்டு, கடிதம் உள்ளே இருந்தால் டி.சி. என்றார் ஜெயகரன். கடிதம் இருந்தாலும் யார் எழுதியது என்று அது சொல்லாது, நம்பர் ஊருக்கே தெரியும் என்றாள் குணசுந்தரி. அவர் காதில் வாங்காமல் முனியப்பன் பக்கம் திரும்பினார்.

"நம்பர் இன்னாய்யா?"

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆள் இப்படிக் கேட்டால் பதில் சொல்லியே பழகிய வாய் அது. முனியப்பன் நிமிர்ந்து நின்றார். வாய் தானாகத் திறந்தது.

"யப்பா, வோணாம்," என்றாள் மம்தா. "அது இப்ப என்னுது."

முனியப்பன் மகளைப் பார்த்தார். அந்த நம்பர் ஒருத்தருக்குச் சொந்தமாக இருக்க முடியும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டார்.

ஜெயகரன் கீபோர்டைக் குணசுந்தரி பக்கம் தள்ளினார். "ஊருக்கே தெரியும்னீங்களே, நீங்களே அடிங்க. இல்லன்னா நாளையிலருந்து நீங்களும் வர வேணாம்."

5

முடிவு அ: குணசுந்தரி அடிக்கிறாள். கடிதம் உள்ளே இல்லை. ஜெயகரன் தலைகுனிகிறார். எல்லோரும்

(வேண்டாம்.)

முடிவு ஆ: கடிதம் இருக்கிறது. ஆனால் அனுப்பிய நேரத்தில் மம்தா வகுப்பில் இருந்தாள் என்று வருகைப் பதிவு

(இதுவும் வேண்டாம். இதை எழுதி முடித்துவிட்டுத்தான் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டு முடிவிலும் அந்தப் பெண் தப்பிக்கிறாள். இரண்டிலும் பெட்டி திறக்கிறது. ரயிலில் தலையாட்டினவர்களுக்கும் எனக்கும் பிறகு என்ன வித்தியாசம்?)

படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், "அது கெடக்கட்டும், கடிதத்தை யார்தான் எழுதினது?" என்றார். எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லமாட்டேன்.

6

குணசுந்தரி அடிக்கவில்லை. இதுவரை எனக்கு நிச்சயம். கீபோர்டைத் தொடாமல் எழுந்துபோய் மம்தாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் ஜெயகரன், கையில் டி.சி. புத்தகம். பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

மம்தா பரீட்சை எழுத வேண்டும். டீச்சருக்கு வேலை இருக்க வேண்டும். என்னால் ஒரு வழியும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆகவே உங்களிடம் தருகிறேன். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். பேனாவைப் பிடுங்குங்கள், ஊரைக் கூட்டுங்கள், சாவியைக் கேட்டு அந்த மொத்த வகுப்பையும் வாசலில் நிற்கவையுங்கள்.

அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள்.