பச்சையாய்த் துடித்த நெஞ்சு

"என்னடி, உன் வீட்டுக்காரர் இன்னிக்கு ஓட்டப் பந்தயத்துக்குப் போயிருக்காரா?" என்று கேட்டாள் கண்ணாடிக்கடை முதலாளியம்மா.

மேஜைமேல் கிடந்த போனைப் பார்த்துத்தான் கேட்டாள். லென்ஸ் பொருத்துகிறவள் தலை நிமிரவில்லை. தடித்த லென்ஸ் ஒன்று சட்டத்துக்குள் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"பச்சையா இருக்கில்லக்கா? அது போதும்."

"பச்சைப்பசேல்னு இருக்கு. கொடுத்துவெச்சவடி நீ. புருஷன் நெஞ்சுல என்ன நடக்குதுன்னு இங்க உக்காந்தே பாக்கற. முப்பது வருஷமா ஒரே வீட்ல இருக்கேன், எங்க ஆள் நெஞ்சுல என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் விளங்கல."

லென்ஸ்காரி சிரித்தாள். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

அவள் புருஷன் கிரேன்காரர். இருபது மாடிக்கும் மேலே, அந்தரத்தில் ஒரு கூண்டு. அதில் உட்கார்ந்து கம்பிக்கட்டுகளைத் தூக்கி இறக்குகிற வேலை. அந்தக் கட்டட வேலையில் இருக்கிற எல்லாருக்கும் கம்பெனி ஆளுக்கொரு கைக்கடிகாரத்தைக் கட்டிவிட்டிருந்தது. அது நாடியை எண்ணும், நடக்கிற அடியை எண்ணும். எண்ணியதை ஆபீஸ் திரைக்கும் அனுப்பும், வீட்டில் இருப்பவர் போனுக்கும் அனுப்பும். நன்றாக இருந்தால் பச்சை இதயம். துடிப்பு தப்பினால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் ஆளைக் கீழே இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் தடவை விழுந்தால் அப்புறம் ஏற்றவே மாட்டார்கள்.

அவருக்கு ஒரு தடவை விழுந்தாகிவிட்டது. அது நடந்து ஒரு மாசம். மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, ஒன்பது மணிக்குப் படுக்கை என்று அவளும் விடாமல் பார்த்தாள். அதற்கப்புறம் பச்சை மாறவே இல்லை. எல்லாம் தன் கைப்பக்குவம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட அவளுக்கு.

ஆனால் அன்று காலை ஷூ கட்டக் குனிந்தவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இடது கை கனக்குது. ஒருக்களிச்சுப் படுத்துட்டேன் போல."

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போடுங்களேன்."

"எதுக்கு? ஏதாவது ஒண்ணுன்னா கடிகாரம் சொல்லப்போகுது. உன்னைவிட அதுக்கு நல்லாத் தெரியும்."

அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. போகவிட்டாள்.

"இல்லடி, நிஜமாத்தான் கேக்கறேன்," என்றாள் முதலாளியம்மா, போனைக் கையில் எடுத்து. "மணி இன்னும் பதினொண்ணு ஆகல. அதுக்குள்ள ஏழாயிரத்து இருநூறு அடி நடந்திருக்கார். சர்க்கரை கிர்க்கரை இருக்கா அவருக்கு?"

லென்ஸ் விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"எத்தனை அடின்னீங்க?"

"ஏழாயிரத்து இருநூறு. இதோ, இருநூத்திப் பத்து. இருநூத்திப் பதினஞ்சு."

ஒரு மாசமாக அவள் நிறத்தைத்தான் பார்த்தாள், எண்ணைப் பார்த்ததில்லை. அந்தக் கூண்டில் இரண்டு எட்டு வைக்க இடம் கிடையாது. கால் நீட்டினால் எதிர்க் கண்ணாடி இடிக்கிறது என்று அவரே எத்தனை தடவை புலம்பியிருக்கிறார்! ஏழு மணிக்கு ஏணி ஏறினால் சாயங்காலம்வரை உட்கார்ந்த இடம்தான். அப்படியிருக்க, இது யார் நடக்கிறார்கள்? யாருடைய நெஞ்சு இது?

"அக்கா, வண்டியை எடுங்க."

"எங்கடி?"

"எடுங்கக்கா!"

கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் பறந்தார்கள். அவள் கூப்பிடக் கூப்பிட, அவருடைய போன் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. மேலே போன் கொண்டுபோகக் கூடாது. கீழே பெட்டியில் பூட்டிவிடுவார்கள்.

"பதறாதே, பச்சையாத்தானே இருக்கு," என்று முன்னாலிருந்து கத்தினாள் முதலாளியம்மா.

"அதுதான்கா பயமா இருக்கு."

கட்டட வேலை நடக்கிற இடத்தில், தகரப்பெட்டி போன்ற ஆபீஸ் அறைக்குள் பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தாள். சின்ன வயசுப் பெண். எதிரே பெரிய திரை, வரிசை வரிசையாகப் பச்சை இதயங்கள்.

"கிரேன்காரர் சம்சாரமா? இதோ பாருங்கம்மா, நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு. என்னைவிட நல்லா இருக்கார்."

"அது அவர் இல்லம்மா. வாக்கி-டாக்கியில கூப்பிட்டுப் பாருங்க."

அதிகாரி கூப்பிட்டாள். கரகரவென்று இரைச்சல்தான் வந்தது.

"பேட்டரி போயிருக்கும். அடிக்கடி போகும்."

"கிரேன் நின்னுகிட்டு இருக்கே! கம்பிக்கட்டு பாதியில தொங்குதே!"

"காத்துக்கு நிறுத்தியிருப்பார். பச்சையா இருக்கறப்போ நான் மேல ஆள் அனுப்ப முடியாதும்மா. வேலையை நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு என்னைக் கேப்பாங்க. நான் எதைக் காட்டறது?"

அவளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று லென்ஸ்காரி வெளியே ஓடினாள். கிரேனுக்கு நேர்கீழே 'விசில்' நின்றுகொண்டிருந்தான். கீழேயிருந்து கிரேன்காரருக்குச் சைகை காட்டுகிறவன். ஊதி ஊதி அதுவே பெயராகிவிட்டது. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். வாக்கி-டாக்கியை வாயோடு ஒட்டி, "அண்ணே... அண்ணே..." என்று முனகிக்கொண்டிருந்தான். அந்த வெயிலில் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டிருந்தான். அவள் அதைப் பிடித்து மேலே தள்ளினாள்.

ஒரே கையில் இரண்டு கடிகாரம்.

"அண்ணி, சத்தம் போடாதீங்க. இது எல்லாரும் பண்றதுதான். காலையில டீ குடிக்கறப்போ கைமாத்திப்போம். யாருக்கு உடம்பு சரியில்லையோ அவங்களுதை நல்லா இருக்கறவங்க கட்டிப்போம். போன வாரம் பூச்சு வேலைக்காரருக்குக்கூட நான்தான்... கூண்டுல ஏறினா உக்காந்திருக்கறதுதானேன்னு அண்ணன்தான் கேட்டார்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா."

ஒரு மாசம். தினமும் ராத்திரி சாப்பாட்டுத் தட்டை நீட்டிக்கொண்டே, "இன்னிக்கும் பச்சைதாங்க" என்று இவள் சொல்ல, அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிய ஒரு மாசம்.

"கடைசியா எப்போ பேசினார்?"

"அரை மணி இருக்கும். 'கொஞ்சம் பொறுடா'ன்னார்." அவன் அண்ணாந்து கூண்டைப் பார்த்தான். "பொறுத்துக்கிட்டிருக்கேன் அண்ணி."

"வா உள்ள. வந்து சொல்லு."

"சொன்னா எங்க ரெண்டு பேர் வேலையும் போயிடும் அண்ணி!"

"ஆளே போயிட்டா?"

அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். இழுக்கவேண்டிய அவசியமே இல்லாததுபோல் லேசாகத்தான் வந்தான். திரைக்கு முன்னால் நின்று, அவன் கிரேன்காரரின் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

பச்சை இதயம் துடித்தது. கையே இல்லாமல் ஐந்து விநாடி, ஆறு விநாடி, அது பாட்டுக்குத் துடித்தது. பிறகு சிவப்பு. தலைக்குமேல் சங்கு அலறியது.

பாதுகாப்பு அதிகாரி முகம் வெளிறிப்போய் எழுந்தாள். கயிறும் தூக்குப் படுக்கையுமாக இரண்டு பேர் ஏணியில் ஏறினார்கள். அண்ணாந்து பார்க்கப் பார்க்க அவர்கள் பூச்சி மாதிரி சிறுத்துப்போனார்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று லென்ஸ்காரிக்குத் தெரியாது. முதலாளியம்மா அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "கதவு திறந்தாச்சு. பக்கவாட்டுல சாய்ஞ்சிருக்கார். மூச்சு இருக்கு. கூப்பிட்டா பதில் இல்ல. கட்டி இறக்கறோம்."

படுக்கையோடு சேர்த்துக் கட்டிய அவர் உடம்பு கூண்டிலிருந்து வெளியே வந்தது. காற்றில் மெல்லச் சுற்றியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பதினஞ்சாவது மாடி தாண்டியாச்சு அண்ணி," என்றான் விசில் பக்கத்திலிருந்து. "நல்லா இறங்கறார். பயப்படாதீங்க. பன்னிரண்டு... பதினொண்ணு..."

"அசையறாரா?"

"அசையறார் அண்ணி."

"காத்துல அசையுதா, அவர் அசையறாரா?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "அவர்தான் அண்ணி. கையை ஆட்டறார். நல்லாத் தெரியுது."

"நீ எதுவும் சொல்லாதே," என்றாள். "நானே பாத்துக்கறேன்."

கண்ணைத் திறந்து அண்ணாந்தாள். வெயில் குத்தியது. கட்டுக்கு வெளியே ஒரு கை நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது, வெறுங்கை. அது காற்றோடு இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது. அவள் மூச்சை விடவில்லை. ஏழாவது மாடி. ஆறாவது மாடி. ஐந்தாவது மாடியருகே காற்று நின்றது, கையும் நின்றது.

அப்புறம் அந்த விரல்கள், யாரையோ கிட்டே வா என்று கூப்பிடுகிற மாதிரி, ஒரு தடவை மடங்கின.