எட்டு மூன்றும் ஓர் ஒன்றும்

மனிதர்கள் ஏமாற்றுவார்கள், எண்கள் ஏமாற்றா. இதை முழுப் பொறுப்புடன் சொல்கிறேன். 31, 331, 3331 என்று முன்னால் ஒரு மூன்றைச் சேர்த்துக்கொண்டே போனால் வருவதெல்லாம் பகா எண்கள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதவை. ஏழு எண்கள் வரை புத்தகத்தில் இருந்தது. எட்டாவதைச் சோதிப்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

தாடி என்று நாங்கள் கூப்பிடும் என் அறைத்தோழன் மட்டும் பேனாவும் தாளுமாக வகுத்துக்கொண்டே இருந்தான்.

“அம்மா போன் பண்ணாலும் அம்மாதானான்னு சரிபார்ப்ப போலடா” என்றேன். அவன் அடுத்த தாளை எடுத்தான்.

மறுநாள் வகுப்பில், இறுதி மதிப்பெண்ணுக்கான உரையில், பலகையில் 333333331 என்று எழுதினேன்.

“இதுவும் பகா எண்தானாப்பா?” என்றார் பேராசிரியர்.

“சந்தேகமே வேணாம் சார்.”

கடைசி பெஞ்சில் தாடி கை தூக்கினான். “பதினேழால வகுபடுது சார்.”

பேராசிரியர் வகுத்தார். மீதி பூஜ்யம். எனக்குப் போட்டதும் அதுதான்.

வெளியே வந்து கேட்டேன். “எப்படா தெரியும்?”

“நேத்தே தெரியும் மச்சான். நீதான் கேக்கலையே.”

அவனை மன்னித்துவிட்டேன், அவன் மனிதன்தானே. அந்த எண்ணைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு தாளில் அடுத்த எண்ணை எழுதி, ஏழால் வகுக்க ஆரம்பித்தேன்.