பல் செட் விழும் இடம்

அக்கா தங்கை இருவரும் அந்தப் படத்துக்கு வைத்திருந்த பெயர் ‘தப்பு வீட்டுப் படம்’. போஸ்டரில் இருந்த பெயர் வேறு. அதை அவர்கள் வாயால் சொல்லி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

டிரைவர் வேலை கேட்டு வந்த ஒருவன், போகவேண்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடுவான். அந்த வீட்டுக்காரர்கள் புதுப் பாட்டு வாத்தியாருக்காகக் காத்திருப்பார்கள். வந்தவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியுமே தவிர பாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அவர்கள் வாய் நிறைய ‘வாத்தியாரே’ என்று கூப்பிட்டு, கை கழுவத் தண்ணீர் கொடுத்து, சுடச்சுடப் பரிமாறிவிடுவார்கள். பசியோடு வந்தவனுக்கு ‘நான் அவன் இல்லை’ என்று சொல்ல மனசு வருமா? உட்கார்ந்துவிடுவான். படம் முடியும்வரை எழுந்திருக்கவே மாட்டான்.

அம்மாவுக்குப் பிடித்த படம் அது. அம்மா போன பிறகு பெரியவள் இங்கே ஒரு ஹோட்டலின் துணி துவைக்கும் பிரிவுக்கு வேலைக்கு வந்தாள். சின்னவள் கல்யாணமாகி வேறொரு தேசத்துக்குப் போய்விட்டாள். போன புதிதில் தினமும் போனில் அழுதாள். அழுதுகொண்டே ஒரு நாள் அவளே சொன்னாள்: “அக்கா, போன்லயே சேந்து படம் பாப்போமா? நீ அங்க போடு, நான் இங்க போடறேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. பெரியவளுக்கு வாராவாரம் லீவு கிடைக்கும் நாளில், இங்கே மத்தியானமாக இருக்கும்போது அங்கே சாயங்காலம். ஒரே ஆப், அதுவும் பெரியவளின் கணக்கு. பாஸ்வேர்டு இருவருக்கும் தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டு லேப்டாப் பக்கத்தில் சாய்த்து வைப்பாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று இருவரும் சேர்ந்து எண்ணி, ஒரே நேரத்தில் அமுக்குவார்கள். வேறு படம் பார்க்கலாமே என்று இருவருக்குமே தோன்றியதில்லை. தெரிந்த படமென்றால்தானே அடுத்தவள் எப்போது சிரிப்பாள், எப்போது மூக்கை உறிஞ்சுவாள் என்று காத்திருக்கமுடியும்.

பெரியவளுக்கு வாரம் என்பதே அந்த ஒரு மத்தியானம்தான். மற்ற நாளெல்லாம் ஹோட்டலின் கீழ்த்தளம். ஜன்னல் கிடையாது. ஆள் உயர மெஷின்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ரோலரில் இருந்து படுக்கை விரிப்பு ஆவி பறக்க வெளியே வரும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் மடிக்காவிட்டால் சுருக்கம் விழுந்துவிடும், மேஸ்திரி திரும்ப ரோலருக்கு அனுப்பிவிடுவார்.

அவளோடு சேர்ந்து மடிப்பவளுக்கு அங்கே ‘ரேடியோ’ என்று பெயர். காது அடைக்கும் சத்தத்திலும் வாய் ஓயாது. யாருக்கும் ஒரு வார்த்தை கேட்காது; அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. முகத்துக்கு நேரே வரும்போது மட்டும் ஏதாவது காதில் விழும்.

“என்ன மகாராணி, துணி மடிக்கிறியா, கொடி ஏத்தறியா? கையைக் கீழ இறக்கு.”

பெரியவள் கையை இறக்குவாள். பதில் சொல்லமாட்டாள். அதனால்தான் மகாராணி.

இப்படியே ஓடிக்கொண்டிருந்ததில் ஒரு வாரம், படத்தைத் திறந்ததும் ஓரத்தில் ‘புதிய பிரிண்ட்’ என்று ஒரு பட்டை தெரிந்தது. எண்ணி அமுக்கினார்கள். படம் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. டிரைவரின் சட்டை சாம்பல் நிறம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பார்த்தால் நல்ல நீலம்.

“கலர் எப்படி இருக்கு பாத்தியாடி?”

“ம்... ஆமாக்கா, சூப்பரா இருக்கு.”

டிரைவர் வீட்டுக்குள் நுழைந்தான். வீட்டுக்காரர் வரவேற்றார். சாப்பாட்டு மேஜைக் காட்சி வந்தது. இந்த இடத்துக்காகவே சின்னவள் முன்கூட்டி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வாத்தியார் முன்னால் தனக்கும் சங்கீதம் தெரியும் என்று காட்டிக்கொள்ள வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிவிட்டு உச்சத்தில் ஒரு இழுப்பு இழுப்பார். பல் செட் வாயை விட்டுப் பறந்து தண்ணீர் ஜக்குக்குள் விழும். எல்லோரும் மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடும்போது, விஷயம் தெரியாத டிரைவர் அந்த ஜக்கில் இருந்து தண்ணீர் ஊற்றிக் குடிப்பான். பொக்கை வாயோடு வீட்டுக்காரர், “ஜக்குல பாருங்க, ஜக்குல” என்று கத்துவார். அந்த வசனம் சின்னவளுடையது. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு சொல்வாள்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

அடுத்த காட்சியில் பொழுது விடிந்திருந்தது. தோட்டத்தில் கதாநாயகி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பெரியவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் படம் நீளம் என்று நினைத்து முழுக்காட்சியையும் வெட்டி எறிந்திருக்கிறான். ‘அடிப்பாவி, பல் செட்டைக் காணோமேடி’ என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் போனில் சின்னவள் சிரித்தாள். எப்போதும் சிரிக்கும் அதே சிரிப்பு. சிரித்துவிட்டு, உதட்டை மடித்துக்கொண்டு, “ஜக்குல பாருங்க, ஜக்குல” என்றாள்.

திரையில் கதாநாயகி ரோஜாப் பூவை முகர்ந்துகொண்டிருந்தாள்.

பெரியவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். லேப்டாப்பின் சத்தத்தைக் குறைத்தாள். அதன் பிறகுதான் போனுக்குள் இருந்த மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சின்னச் சக்கரங்கள் தரையில் உருளும் சத்தம். பில் போடும் மெஷின் ஒன்று ‘பீப்’, ‘பீப்’ என்றது. குழந்தை எதற்கோ அடம் பிடித்தது. இதெல்லாம் ரொம்ப நாளாகவே கேட்டுக்கொண்டிருந்த சத்தங்கள்தான். பக்கத்து வீட்டு டிவி என்று அவளாகவே நினைத்து வைத்திருந்தாள்.

தங்கையின் புருஷன் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது. “இன்னும் முடியலையா?”

“இன்னும் பாதி இருக்குங்க.” சின்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இருக்கட்டும், பாவம். அவளுக்கு வேற யாரு இருக்கா?”

படத்தில் அந்த வீட்டு அம்மா, டிரைவரின் தட்டில் இரண்டாம் முறை சோறு போடும் காட்சி வந்தது. அது பெரியவளின் வசனம். அவள் சொல்லாவிட்டால் சின்னவள் என்ன ஏது என்று கேட்பாள். அதனால் சொன்னாள்.

“நீ பாட்டு வாத்தியார் இல்லேன்னு எனக்கு முதல் நாளே தெரியும் தம்பி. சாப்பிடு.”

“அழ வெச்சிருவா இந்தம்மா,” என்றாள் தங்கை, பொருட்களைப் பையில் போடும் சரசரப்புக்கு நடுவே.

அந்த வாரம் முழுக்கப் பெரியவள் மனசுக்குள் தங்கையோடு சண்டை போட்டாள். விரிப்பை உதறும்போது ஒரு கேள்வி, மடிக்கும்போது ஒரு கேள்வி. எத்தனை நாளா இப்படி? நீயே ஆரம்பிச்சு வெச்சுட்டு நீயே காய்கறி வாங்கப் போயிட்டியா? எதிர்முனையில் சின்னவள் அழுதாள், மன்னிப்புக் கேட்டாள், ஒரு தடவை எதிர்த்தும் பேசினாள்: ‘குழந்தையை வெச்சுக்கிட்டு நான் என்னக்கா பண்றது? ஒரு நாள்கூட விடாம போனை எடுத்தேனே, அது பெருசில்லையா?’ உண்மைதானே. விட்டுவிட்டுப் போகாமல் காதில் மாட்டிக்கொண்டு கடை கடையாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். அதை நினைக்கும்போதுதான் இன்னும் வலித்தது.

கேட்டுவிட்டால் தங்கை அடுத்த வாரம் நிச்சயமாக உட்கார்ந்து பார்ப்பாள். குழந்தையைப் புருஷனிடம் தள்ளிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். கேட்காவிட்டால் தெரியாதது போலச் சிரித்துக்கொண்டிருக்கலாம். எப்படியும் தங்கைக்கு அது பாரம்தான், இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது.

லீவு நாள் வந்தது. அவள் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கட்டிலுக்குக் குறுக்கே போட்டுக்கொள்ளும் மடக்கு மேஜை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கடையின் ஏசிப் பெட்டி மூஞ்சியில் ஊதும் என்பதால் எப்போதும் சாத்தியே இருக்கும். மேஜையில் லேப்டாப்பை வைத்தாள். திறக்கவில்லை. போன் வந்தது.

“அக்கா, ரெடியா?”

“இன்னிக்குப் படம் வேணாம்டி.”

“ஏங்க்கா, உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. கூட வேலை செய்யற அக்கா ஒருத்தங்க இன்னிக்கு வராங்க. அவங்களோட பாக்கலாம்னு. இனிமே வாராவாரம் வருவாங்க போல.”

பொய் அவ்வளவு நீளமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

இரண்டு கையிலும் பை சுமந்து வந்தவர்கள் வாசலில் இறக்கி வைத்ததும் ஒரு மூச்சு விடுவார்களே, அந்த மூச்சு போனில் கேட்டது. தங்கை அதை மறைக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

“அப்படியாக்கா? நல்லதுக்கா,” என்றாள். குரல் பளிச்சென்று ஆகிவிட்டது. “ஆளு எப்படி?”

“பேசிக்கிட்டே இருப்பாங்க.”

“உன்கிட்டயா? ஐயோ பாவம் அவங்க. சுவத்தோட பேசினாகூட எதிரொலி வரும்.” சிரித்தாள். இது நிஜச் சிரிப்பு, படத்துக்குச் சிரிப்பதைவிடக் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தது. “நீ பாட்டுக்கு அம்மா டயலாக்க முன்னாடியே சொல்லித் தொலைக்காதே. முதல் தடவை பாக்கறவங்க. அடுத்த வாரம் எனக்குச் சொல்லணும், எந்த இடத்துல சிரிச்சாங்க, எப்படிச் சிரிச்சாங்கன்னு. சிரிக்கலேன்னா அந்தச் சகவாசமே நமக்கு வேணாம்.”

“சொல்றேன்.”

“சத்தியமா?”

“சொல்றேன்டி. வை.”

போனை வைத்தாள். அப்புறம் படத்தைப் போட்டாள். தனியாக அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் அம்மாவின் இரண்டு பக்கமும் இருவர். பிறகு போனுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இப்போது வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார், பொழுது விடிந்தது, கதாநாயகி செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். எங்கேயும் யாரும் சிரிக்கவில்லை. தோட்டத்துச் சுவரில் விரிசல் இருப்பதையும், பின்னால் யாரோ ஒரு ஆள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவதையும் கவனித்தாள். நல்ல படம்தானா இது என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு, குடித்த டம்ளரைக் கழுவி வைத்தாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் வேலையில், தங்கைக்குச் சொல்லவேண்டிய கதையைத் தயார் பண்ணப் பார்த்தாள். ரேடியோ எங்கே சிரித்தாள்? டிரைவர் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் இடத்தில். சரி. எப்படிச் சிரித்தாள்?

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். எதிரே ரேடியோ எதற்கோ சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் திறப்பது தெரிந்தது, தோள் குலுங்குவது தெரிந்தது. மெஷின் சத்தத்தில் அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியவில்லை. இவ்வளவு காலம் ஒரே துணியின் இரண்டு பக்கம் நின்றிருக்கிறார்கள். அவள் சிரிப்பை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பொய் சொல்வதற்கும் ஏதாவது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மாடிப்படியில் வந்து உட்காருவார்கள். அங்கே மட்டும்தான் காது கேட்கும். ரேடியோ காலை நீட்டி, முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையச் சோறு இருந்ததால் அப்போது அவள் பேசவில்லை. பெரியவள் இரண்டு படி கீழே இறங்கி அவள் பக்கத்தில் நின்றாள்.

“அக்கா.”

ரேடியோ திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

“என்னையா? மகாராணி வாயைத் திறந்துட்டாங்கப்பா. யாராவது எழுதி வெச்சுக்குங்க.”

“உங்களுக்கும் என்னோட லீவு அன்னிக்குத்தானே லீவு?”

“ஆமா. ஏன், எனக்கு வீடு கூட்டிப் பெருக்க வரப்போறியா?”

“படம் பாக்க வரீங்களா? என் ரூமுக்கு.”

ரேடியோ மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பெரியவள் போய்விடலாமா என்று நினைத்தாள்.

“என்ன படம்?”

பெரியவள் சொன்னாள். டிரைவர், தப்பு வீடு, பாட்டு வாத்தியார். சொல்லச் சொல்ல அது படத்தைவிடச் சின்னதாக, ஒன்றுமே இல்லாததாக ஆகிக்கொண்டிருந்தது.

“அந்தக் காலத்துப் படமா?” ரேடியோ விரலை நக்கிக்கொண்டாள். “இந்தா பாரு, முன்னாடியே சொல்லிடறேன். நான் உக்காந்தா தூங்கிடுவேன். என் மக கல்யாண வீடியோவையே நான் முழுசாப் பாத்ததில்ல. குறட்டை வேற வரும். எங்க வீட்டுக்காரர் ஹால்ல போய்ப் படுக்கறதே அதுக்குத்தான்.”

“தூங்குங்க. கட்டில் இருக்கு, நான் நாற்காலியில உக்காந்துக்கறேன்.”

“படம் பாக்கக் கூப்பிட்டுட்டுத் தூங்கச் சொல்றே. நல்ல ஆளும்மா நீ.”

தங்கையிடம் என்ன சொல்வது என்பதுகூட அப்போது பெரியவள் ஞாபகத்தில் இல்லை. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது என்று இருந்தது.

ரேடியோ டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தாமல் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். கீழே மெஷின்கள் மறுபடியும் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன.

“சரி, வரேன்,” என்று எழுந்தாள். “ஆனா தூங்கினா எழுப்பக்கூடாது.”

“எழுப்பமாட்டேன்,” என்றாள் பெரியவள்.