அரைக் கட்டை

முதல் கச்சேரிக்கு ஒன்பது நாள் இருந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மேல் பஞ்சமம் சுலபமாக வந்துவிட்டது. அந்த உச்சியைத் தொட எப்போதும் வயிற்றை இறுக்கிக்கொண்டு ஏறுவேன். அன்று படி ஏறாமலே மாடிக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

கிடார்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். செல்லோ வாசிக்கும் பெண் குனிந்து வில்லைத் துடைத்தாள். மிருதங்கம் வாசிக்கும் என் தம்பி என்னைப் பார்க்கவே இல்லை.

இந்தக் குழு என் யோசனை. என் பழைய கீர்த்தனைகளோடு கிடாரும் செல்லோவும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று மூன்று வருஷம் ஆள் தேடினேன். செல்லோ வாசிக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பாட ஆள் தெருவுக்கு நாலு பேர்.

பிறகு எல்லாம் கண்ணில் பட்டது. நான் வருவதற்கு வெகுநேரம் முன்பே அவர்கள் வந்துவிடுகிறார்கள். கதவைத் திறந்தால் பேச்சு நின்றுபோகிறது. கிடார்காரருக்கு ஒரு மாணவி உண்டு, இருபத்தி நாலு வயது. கணீரென்ற குரல் என்று அவரே சொல்லியிருக்கிறார். என் இடத்துக்கு அவளைக் கொண்டுவரப் பார்க்கிறார்களோ?

"என்னடா, எல்லாரும் இவ்வளவு சீக்கிரமா வந்துடறீங்க?"

"சுருதி சேர்க்கணும்ல," என்றான் தம்பி. "உன்னை மாதிரி வந்ததும் வாயைத் திறந்தா போதுமா எங்களுக்கு?"

சிரித்தேன். நம்பவில்லை.

அடுத்த ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். நாற்பத்தாறு வயதில் வெட்கமாகத்தான் இருந்தது. உள்ளே என் பாட்டு. பாடத்தான் யாரும் இல்லை. என் குரல் வர வேண்டிய இடத்தை வாத்தியங்கள் காலியாக விட்டுக் கடந்துபோயின.

தம்பியின் குரல் கேட்டது. "இன்னும் ஒரு நூல் இறக்கிடலாம். இன்னைக்கோட நாலரைக் கட்டை. அக்காவுக்குத் தெரியாது."

இருபது வருஷமாக என் சுருதி ஐந்து கட்டை. சுருதிப்பெட்டியை நான் தொடுவதில்லை, அவன்தான் வைப்பான். கதவைத் தள்ளினேன். அவன் மடியில் வழக்கமான மிருதங்கம் இல்லை. அதைவிடப் பெரியது, கீழ்ச் சுருதிக்கு வாசிப்பது, இருந்தது.

"எத்தனை நாளா?"

"ஆறு ஒத்திகை," என்றார் கிடார்காரர். "கொஞ்சம் கொஞ்சமாத்தான், மேடம்."

"போன மாசம் ரெண்டு தடவை உன் குரல் மேல உடைஞ்சுது," என்றான் தம்பி. "நீ இருமி சமாளிச்ச. சொல்லியிருந்தா குழுவையே கலைச்சிருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு?"

மாணவி இல்லை, சதி இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னொருத்தியைக் கொண்டுவந்திருந்தால் அவளை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். இவர்கள் என்னிடமிருந்து என்னையே மறைத்து வைத்திருந்தார்கள்.

"அஞ்சுல வை."

"அக்கா, வேண்டாமே..."

"வைடா."

பாடினேன். உச்சியில் உடைந்தது. இருமவில்லை. மறுபடியும் பாடினேன். அதே இடத்தில் உடைந்தது. செல்லோக்காரி என் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள். நான் எடுக்கவில்லை.

"சரி, நாலரையிலயே கச்சேரி பண்ணலாம். ஆனா இனிமே பெட்டியை நான்தான் தொடுவேன்."

நானே இறக்கி வைத்துப் பாடினேன். நன்றாக வந்தது என்றுதான் தோன்றியது.

"பிரமாதம்!" என்றார் கிடார்காரர்.

அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தேன். பிறகு செல்லோக்காரியின் முகத்தை, தம்பியின் முகத்தை. ஒன்றும் பிடிபடவில்லை.

"இன்னொரு தடவை பாடறேன்," என்றேன். "இந்தத் தடவை யாரும் எதுவும் சொல்லாதீங்க."