கழுத்தளவு

லேஸ் பின்னும் ஷட்டிலைக் கீழே வைத்தாள், கைப்பேசியை எடுத்தாள். கைப்பேசியைக் கீழே வைத்தாள், ஷட்டிலை எடுத்தாள். காலையிலிருந்து லேஸ்காரம்மாவுக்கு இதுதான் பிழைப்பு. பெற்ற ஒரே மகள், அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியூர் வேலைக்கு பஸ் ஏறிவிட்டாள். அழைத்தால் மணி அடிக்கிறது, எடுப்பாரைக் காணோம்.

சண்டை புதிதில்லை. வேலை கிடைத்ததிலிருந்தே வீடு ரெண்டுபட்டுக் கிடந்தது. முதல் நாள் போடும் சட்டைக்குக் கழுத்தில் லேஸ் வைத்துத் தா என்று மகள் ஆசையாகக் கேட்டாள். நீ போவதாக இருந்தால் என் கையால் ஒரு முடிச்சுகூட விழாது என்று இவள் முறுக்கிக்கொண்டாள். இப்போது அந்தச் சட்டை மொட்டைக் கழுத்தோடு ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. தைத்துக் கொடுத்த நாத்தனார் பக்கத்திலேயே தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். லேஸை முடித்து, சட்டையில் வைத்து அனுப்பிவிட்டால் மகள் மனமிரங்கிப் பேசிவிடுவாள் என்று லேஸ்காரம்மாவுக்கு ஒரு நப்பாசை.

நூல் அடங்கினால்தானே! முறுக்கேறிச் சுருண்டு சுருண்டு நின்றது. நூல் சுற்றிய அந்தக் குட்டிப் படகுதான் ஷட்டில். அதைக் கையிலிருந்து தொங்கவிட்டால் தானே சுழன்று முறுக்கைக் கழற்றிவிடும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவள், இன்று பொறுமையில்லாமல் சுருண்ட நூலையே வெடுக்கென்று இழுத்தாள். ஷட்டில் நூல் விறைப்பாக இருக்க, விரலில் சுற்றிய நூலைத் தளரவிட வேண்டும். அப்போதுதான் முடிச்சு ஒரு நூலிலிருந்து மற்ற நூலுக்கு மாறும், வளையம் மூடும். இவளோ இரண்டையும் விறைப்பாகப் பிடித்தாள். வளையம் பாதியில் முரண்டு பிடித்தது. கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். நடுவில் இன்னொரு முறை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது.

நாத்தனாரின் வாய் சும்மா இருக்குமா? மகள் மேல் இருக்கும் கோபத்தை நூல் மேல் காட்டினால் அது என்ன செய்யும் பாவம் என்றாள். லேஸ்காரம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் எங்காவது நின்றிருக்குமோ, பெட்டியைத் தொலைத்திருப்பாளோ என்று மனம் கண்டபடி ஓடியது. மனம் ஓட ஓடக் கையும் இறுகியது.

ஒரு வழியாக முடித்தாள். வளையங்களை எண்ணினாள், சரியாக இருந்தது. சட்டைக் கழுத்தில் வைத்துச் சுற்றினாள். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் துணி பல்லிளித்தது. முதல் வளையத்தில் சுண்டுவிரல் நுழைந்தது, கடைசி வளையத்தில் கடுகுகூட நுழையாது. இப்படி இறுகிய வளையங்களை இனி ஆண்டவனாலும் பிரிக்க முடியாது.

நாத்தனார் லேஸை வாங்கிப் பார்த்தாள்.

"கணக்கு சரிதான் அண்ணி. கைதான் சரியில்ல. இதைக் கழுத்துல மாட்டினா புள்ளைக்கு மூச்சு முட்டும்."

மற்ற நாளாக இருந்தால் வெடுக்கென்று ஒரு பதில் வந்திருக்கும். இன்று லேஸ்காரம்மா லேஸைத் திரும்ப வாங்கிச் சுருட்டி வைத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, இனி மகள் பேசவே மாட்டாளோ என்று.

அப்போது நாத்தனாரின் கைப்பேசி அடித்தது. திரையைப் பார்த்தவள் அழைப்பை எடுத்து, அப்படியே அண்ணியின் காதில் வைத்தாள்.

"அத்தை, வந்து சேந்துட்டேன். அம்மா இன்னும் கோவமாத்தான் இருக்காங்களா?"

காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நான்தான் பேசுறேன். உன் கழுத்தளவு என்ன?"

கழுத்தளவு நாத்தனாருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அவள் அதிசயமாக வாயை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

"எதுக்கும்மா?"

"லேஸ் போட்டேன். சின்னதாப் போயிடுச்சு. நான்தான் ரொம்ப இழுத்துப் பிடிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"டேப் இருந்தா எடுத்து அள," என்றாள் அம்மா. "இறுக்காம ரெண்டு விரல் விட்டு அள."

"மூணு விரல் விடும்மா."



"சரி, மூணு," என்றாள் லேஸ்காரம்மா.

புதிய நூலைச் சுற்றி ஷட்டிலைத் தொங்கவிட்டாள். அது சுழன்று தானாக நிற்கும்வரை காத்திருந்தாள்.