இரண்டு வீட்டுச் சாப்பாடு

பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் இடத்துக்குப் பக்கமாகச் சமதரை பார்த்து, எடை மிஷினை வைத்து ஏறி நின்றாள் பொடிசு. நாற்பத்தைந்து கிலோ இருநூறு கிராம். இறங்கி, கம்மலைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினாள். கம்மலுக்கெல்லாம் மசிகிற மிஷினா அது? அதே இருநூறு.

தன்னைவிடக் கனமான இரும்பைத் தலைக்கு மேல் தூக்குகிற பதினாறு வயசுப் பெண்ணுக்கு வீட்டில் இன்னும் பொடிசு என்றுதான் பேர். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் பளுதூக்கும் போட்டிக்குத்தான் இந்தப் பயணம். நாற்பத்தைந்து கிலோப் பிரிவு. அங்கே எடை பார்க்கும்போது துளி கூடினாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் வீண்.

அம்மா தையல்காரி. ஊரார் இடுப்பை நூல் பிசகாமல் அளக்கிறவள், பெற்ற பிள்ளையின் வயிற்றை அளக்காமல் விட்டுவிட்டாள். நேற்று சாயங்காலம், முகம் வாடிக் கிடக்கிறதே என்று இரண்டு முட்டையும் ஒரு சொம்புப் பாலும் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காவல் நின்றவள் அவள்தான். இதை இப்போது எந்த வாயால் சொல்வது? அதுவும் அந்த மனுஷன் காதுபட!

அந்த மனுஷன், அதாவது பொடிசின் அப்பா, வண்டிகளுக்கு ஏசி பழுதுபார்க்கிறவர். போன கோடையில் ஒரு சண்டையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் ஒர்க்‌ஷாப் மாடியிலேயே தங்கிவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. காலையிலிருந்து வேனிலும் எல்லாம் மகள் வழியாகத்தான். "உங்கப்பாவ மெதுவா ஓட்டச் சொல்லு." "வேணும்னா உங்கம்மாவ ஓட்டச் சொல்லு." நடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளை, நல்லவேளை, எதையும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

"நான்தான்டி..." என்று அம்மா வாயெடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"தப்பு என்மேலதான். நேத்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தப்ப சோர்ந்து தெரிஞ்சா. ரெண்டு பன்னும் பாலும் வாங்கிக் குடுத்தேன்."

அம்மா மகளைப் பார்த்தாள். "அங்க சாப்பிட்டுட்டு, அப்புறம் எதுக்குடி என்கிட்டயும் சாப்பிட்ட?"

"அங்க வேணாம்னா அப்பா மூஞ்சி தொங்கிப்போகும். இங்க வேணாம்னா நீ அழுவ. நான் என்னதான் பண்றது?"

கழற்றிய கம்மலைத் திருகி மாட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. அப்பா வேலையே இல்லாமல் டயரை உதைத்துப் பார்த்தார்.

"ஏறுங்க, வேர்த்தா எடை இறங்கும்" என்றார் கடைசியில். கண்ணாடிகளை முழுக்க ஏற்றி, ஹீட்டரைத் திருகிவிட்டார். ஊர் வண்டிக்கெல்லாம் குளிர் ஊட்டுகிறவர், கொளுத்தும் வெயிலில் ஹீட்டர் போட்டு ஓட்டினார். பொடிசு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். வேர்வை கொட்டியது, மூன்று பேருக்கும்.

"நீ வேணா உன் பக்கம் கொஞ்சம் திறந்துக்க" என்றார், அம்மாவிடம்.

"பேசாம ஓட்டுங்க. திறந்தா சூடு போயிடும்."

பேசிவிட்டோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தால், அவர் உதட்டோரம் கறுப்பாக ஒழுகுகிறது.

"அடப்பாவமே! மீசைக்குச் சாயமா? யாருக்காம்?"

"பொடிசு கூட போட்டோ எடுப்பாங்கல்ல..."

அம்மா சிரித்த சிரிப்பில் பிள்ளையும் சேர்ந்துகொள்ள, அவரும் அசட்டுச் சிரிப்போடு மீசையைத் துடைத்து, கன்னமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார்.

போட்டி நடக்கும் இடத்தில் எடை அறைக் கதவு சாத்தியிருந்த நேரம் பூராவும் அம்மா மூச்சுவிட்டாளா என்றுகூடத் தெரியாது. திறந்ததும் பொடிசு பாய்ந்து வந்தாள்.

"நாப்பத்தஞ்சு! கரெக்டா நாப்பத்தஞ்சு! பசிக்குதும்மா!"

இருவருமே எதிர்க் கடைக்கு ஓடினார்கள். அவர் ரொட்டியை எடுத்தார், அவள் பழத்தை எடுத்தாள்.

"தனித்தனியா போடவா?" என்றார் கடைக்காரர்.

அவர் அவளைப் பார்த்தார்.

"ஒரே பையில போடுங்க" என்றாள் அம்மா.

பையின் ஒரு காதை அவர் பிடித்தார், இன்னொன்றை அவள் விடவில்லை. வேர்வையில் நனைந்த துணியோடு இருவரும் சாலையைக் கடப்பதைப் பார்த்து, படிக்கட்டிலிருந்து பொடிசு கத்தினாள்.

"அய்ய, அதைத் தூக்க ரெண்டு பேரா?"

ஆளுக்கொரு காதாகப் பிடித்தபடியே படியேறி வந்தார்கள்.